கையடக்கக் கானகம்

சென்ற இதழில் கோடை விடுமுறைப் பயணத்தைப் பற்றி நாம் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். வண்டியில் நமது மகன் ஏதோ ஒரு சாம்பல் நிறப் பெட்டியை வைத்துக்கொண்டு விளையாடினான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். பெரியவருக்கு அந்த ஒரு வரிதான் உறுத்தியிருக்கிறது. “தமிழ் எழுத்துக்களைப் பிழையின்றி எழுதத் தெரியாத சிறுவன் கையில் விளையாட்டுக் கருவி எதற்கு? தகப்பனே வாங்கிக் கொடுத்துவிட்டு அதைப் பத்திரிகையிலும் எழுதுவது முறையா?” என்று கேட்கிறார். கேள்வி நியாயமானதுதான். ஆனால், வாங்கிக் கொடுத்தது நாமல்ல. அந்தப் பெட்டியின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொன்னால் பெரியவர் கோபம் தணிவார் என்று எண்ணுகிறோம், தணியாவிட்டாலும் பாதகமில்லை.

1997ஆம் ஆண்டில் நமக்கு ஒன்பது வயது. சிங்கப்பூரில் வேலையிலிருந்த நம் தாய்மாமா நாகபுரிக்கு வந்தபோது, ‘கேம் பாய்’ என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதனுடன் வந்த விளையாட்டுத் தகடு ஒன்றே ஒன்று. அது ‘ஜங்கிள் புக்’. வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1967இல் வெளியிட்ட சித்திரப் படத்தைத் தழுவி, இங்கிலாந்து தேசத்து யூரோகாம் என்னும் நிறுவனத்தார் உருவாக்கி, விர்ஜின் நிறுவனத்தார் 1994இல் வெளியிட்டது. வேறு தகடு வாங்க நமக்கு வசதியுமில்லை. இங்கே கடைகளில் கிடைக்கவுமில்லை. ஆகவே, பள்ளிப் பருவம் முழுவதும் அந்த ஒரே காட்டில்தான் அலைந்தோம். பிறகு அது பரணுக்குப் போயிற்று. இரண்டாண்டுகளுக்கு முன் குடியிருப்பு மாறியபோது, பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே அகப்பட்டது. மின்கலம் வைக்கும் இடத்தில் பச்சை பூத்திருந்த களிம்பைத் துடைத்து, நான்கு பென்சில் பாட்டரிகளைப் போட்டோம். ‘டிங்’ என்ற அந்தப் பழைய மணியோசை கேட்டது. அந்த ஓசையைக் கேட்டு ஓடிவந்தவன்தான் நமது மகன்.

இக்காலத்துப் பிள்ளைகள் கண்ணுக்கு அது வேடிக்கையான பொருள். திரையின் குறுக்களவு ஏறத்தாழ இரண்டரை அங்குலம். அகலத்தில் 160 புள்ளிகள், உயரத்தில் 144 புள்ளிகள். நிறமென்று சொல்ல ஒன்றுமில்லை. பாசிபடிந்த குளத்து நீர்போன்ற ஒரு பச்சையில் நான்கு சாயைகள் மட்டுமே. திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. வெளிச்சம் வேண்டுமானால் சன்னலோரம் உட்கார வேண்டும். இரவில் வண்டி விளக்கின் கீழே சாய்த்துப் பிடிக்க வேண்டும். பழமை காரணமாக நம்முடைய கருவியில் செங்குத்தாக நாலைந்து கோடுகள் மறைந்துவிட்டன. காட்டுச் சிறுவன் ஓடிவரும்போது அந்தக் கோடுகளுக்குள் புகுந்து ஒரு கணம் காணாமற் போய், அப்பால் வெளிப்படுவான். “மரத்துக்குப் பின்னால் போகிறான்” என்று நம் மகனே அதற்குப் பொருள் கண்டுகொண்டான்.

இந்த எளிமை, ஏழ்மையால் வந்ததன்று, திட்டமிட்டுச் செய்தது. இதை நேயர்கள் அறிந்துகொள்வது நலம். ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தில் குன்பெய் யோக்கோய் என்ற பொறியாளர் இருந்தார். ஒருநாள் அவர் அந்நாட்டு அதிவேகப் புகைவண்டியில் சென்றுகொண்டிருந்தபோது, அலுவலகத்திலிருந்து திரும்பும் பயணி ஒருவர் பொழுது போகாமல் சட்டைப்பைக் கணக்குப் பொறியின் பொத்தான்களை அமுக்கி விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டாராம். பயணத்தில் கைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு விளையாட ஒரு சிறு கருவி இருந்தால் என்ன என்ற எண்ணம் அப்போது தோன்றியது என்பர். அதன் பயனாக 1980இல் முதற் கருவிகள் வெளிவந்தன. இன்று உலகெங்கும் விளையாட்டுக் கருவிகளில் காணும் சிலுவை வடிவப் பொத்தானும் அவர் கண்டுபிடிப்பே. 1989இல் அவர் குழுவினர் கேம் பாயை உருவாக்கினர். ஆகவே, கையடக்க விளையாட்டு என்பது பிறப்பிலேயே புகைவண்டிச் சரக்கு. இருப்புப்பாதைக் குடும்பத்தில் பிறந்த சிறுவன் அதைப் புகைவண்டியில் விளையாடியதில் முறைகேடு ஒன்றுமில்லை என்று பெரியவருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

யோக்கோயின் கொள்கை மற்றொன்றும் உண்டு. புத்தம்புதிய விலையுயர்ந்த பொருளைத் தேடி ஓடாதே. பழகித் தேய்ந்து விலை மலிந்த பொருளைப் புதிய வழியில் பயன்படுத்து என்பது அவர் வழி. 1990இல் சேகா நிறுவனத்தார் வண்ணத்திரையும் விளக்கும் கொண்ட கருவியை வெளியிட்டார்கள். பார்வைக்கு அதுவே அழகு. ஆனால், அது ஆறு மின்கலங்களை மூன்று நான்கு மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். பாசிநிறக் கேம் பாயோ நான்கு மின்கலங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தது. எது வென்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாதச் சம்பளக்காரர்களாகிய நமக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

இனி, அந்தக் காட்டுக்குள் புகுவோம்.

ஆட்டத்தின் நாயகன் மோக்லி, ஓநாய்கள் வளர்த்த சிறுவன். ஒவ்வொரு நிலையிலும் சிதறிக் கிடக்கும் மணிகளில் குறித்த எண்ணிக்கையைப் பொறுக்கிக்கொண்டு, குறித்த நேரத்துக்குள் முடிவிடத்தை அடைய வேண்டும். எதிர்ப்படும் குரங்கையும் பாம்பையும் வாழைப்பழத்தை வீசி விரட்ட வேண்டும். கொடியைப் பிடித்து ஊசலாட வேண்டும். கிளைக்குக் கிளை தாவ வேண்டும். பகற்காடு, பெருமரம், ஆற்றங்கரை, பாழடைந்த கட்டடங்கள், இராக்காடு என்று வழி நீள்கிறது. இடையே கா என்னும் மலைப்பாம்பும், லூயி என்னும் குரங்கரசனும் வழிமறிப்பார்கள். இறுதியில் ஷேர்கான் என்னும் புலி. கதை இவ்வளவே. கடிகாரம் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். காட்டில் வளர்ந்த பிள்ளைக்கு எதற்கு மணியும் மாணிக்கமும் என்று நாம் அந்நாளிலேயே எண்ணியதுண்டு. விளையாட்டுக்காரர்களுக்குப் பொறுக்குவதற்கு ஏதேனும் ஒன்று இருந்தாக வேண்டும் போலும்.

நமது மகனை முதலில் சிரிக்க வைத்தவை பெயர்கள். கரடிக்குப் பாலூ என்றும், யானைக்கு ஹாத்தி என்றும், கருஞ்சிறுத்தைக்கு பகீரா என்றும் பெயர். “கரடிக்குப் பெயர் கரடி, யானைக்குப் பெயர் யானை என்றா வைப்பார்கள்?” என்று கேட்டான். அமெரிக்கச் சிறுவனுக்கு இவை இனிய ஒலிகள் மட்டுமே. தெருவிலும் பள்ளியிலும் இந்தி பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கோ அவை வெறும் சொற்கள். நம்மூர்க் கதையைப் பிறர் சொல்லக் கேட்கும்போது நேரும் கூத்து இது. மோக்லி என்ற பெயர்தான் எந்த இந்திய மொழியிலும் இல்லாதது. தவளை என்று அதற்குப் பொருள் சொன்னவர், அதைக் கற்பனையாகப் படைத்த ஆசிரியரே.

அந்த ஆசிரியர் ருட்யார்ட் கிப்ளிங், 1865இல் பம்பாயில் பிறந்தவர். ‘ஜங்கிள் புக்’ நூலை 1894இல் வெளியிட்டார். கதை நிகழும் காடு எது என்று அந்நூலிலேயே பெயர் சொல்லியிருக்கிறார்: சிவனி மலைகள், ஆறு, வைன்கங்கை. நாகபுரியில் வாழும் நேயர்களுக்கு இவை அயலூர்ப் பெயர்களல்ல. சிவனி நகரம் நமக்கு வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வைன்கங்கை அம்மாவட்டத்தில்தான் பிறக்கிறது. கோந்தியாவுக்குப் புகைவண்டியில் செல்லும் அன்பர்கள் அதைப் பாலத்தின்மேல் கடக்கிறார்கள். ஆனால், கிப்ளிங் அந்தக் காட்டைக் கண்ணால் கண்டு எழுதவில்லை. அமெரிக்காவில் வெர்மாண்ட் என்னும் பனி மாநிலத்தில் அமர்ந்து, பிறர் எழுதியதையும் சொன்னதையும் கொண்டு எழுதினார். அதைக் கலிபோர்னியாவில் படமாக வரைந்தார்கள். குரங்கரசன் லூயி நூலில் இல்லவே இல்லை, படத்துக்காகச் சேர்த்தார்கள். அவன் உராங்குட்டான் இனத்தைச் சேர்ந்தவன். அவ்வினம் வாழ்வது போர்னியோவிலும் சுமத்திராவிலும். சிவனிக் காட்டுக்கு அது எந்த வண்டி ஏறி வந்ததோ நாமறியோம். நூலில் மோக்லியின் உற்ற துணைவனாகிய மலைப்பாம்பையும் பகைவனாக்கிவிட்டார்கள். பிறகு அந்தப் படத்தை இங்கிலாந்தில் ஜப்பானியக் கருவிக்கென நான்கு சாயைகளில் சுருக்கினார்கள். அது சிங்கப்பூர் வழியாக நாகபுரி இருப்புப்பாதைக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தது. பக்கத்துக் காடு நம் வீட்டுக்கு வந்த பாதை இது.

இந்தப் பாதையில் ஒவ்வொரு நிலையத்திலும் சரக்கு கொஞ்சம் குறைந்தே வந்திருக்கிறது. குறைந்தவற்றுள் முக்கியமான ஒன்றைச் சென்ற கோடையில்தான் கண்டுகொண்டோம். அதைச் சொல்லவே இவ்வளவு முன்னுரை.

கும்பகோணத்துக்கு அருகே நம் பெற்றோரின் ஊர். அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள் நமது மகன், “பாட்டி, எனக்குப் பானி வேண்டும்” என்றான். முற்றத்தில் நின்ற பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று முதல் பதினெட்டு நாளும் அவனுக்கு ‘இந்திக்காரன்’ என்றே பெயர். பிள்ளைகள் தீங்கு நினைத்துச் சொல்லவில்லை. ஆட்டத்துக்கும் மாங்காய் பறிக்கவும் அவனை அழைத்தே சென்றார்கள். ஆயினும், அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். தண்ணீர் வேண்டுமானால் தானே எழுந்துபோய் மொண்டு குடித்தான். நாகபுரியிலே அவன் படிக்கும் பள்ளியில் அவனுக்கு ‘மதராசி’ என்று பெயர் என்பது நமக்கு முன்பே தெரியும். அதை அவன் பெரிதாக எண்ணவில்லை என்றே கருதியிருந்தோம். ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று அவன் காத்திருந்திருக்கிறான் போலும்.

திரும்பும்போது சென்னையிலிருந்து நாகபுரிக்கு ஏறத்தாழ 1,090 கிலோமீட்டர். விஜயவாடா தாண்டும்வரை அவன் கருவியை விட்டுத் தலைநிமிரவில்லை. பிறகு திடீரென்று கேட்டான்:

“அப்பா, மோக்லி ஏன் ஊருக்குப் போக வேண்டும்? காட்டிலேயே இருந்தால் என்ன?”

“புலி அவனைக் கொல்லப் பார்க்கிறது. அதனால் ஓநாய்கள் கூடிப் பேசி, மனிதர் ஊருக்கு அனுப்பிவிடுவதென்று முடிவு செய்கின்றன.”

“ஊரில் அவனைச் சேர்த்துக்கொண்டார்களா?”

படத்தை நாமும் பலமுறை பார்த்தவர்தாம். தண்ணீர் மொள்ள வந்த ஒரு பெண்ணின் பின்னால் அவன் குடத்தைச் சுமந்துகொண்டு ஊருக்குள் போவதோடு படம் முடிந்துவிடுகிறது. வாசலுக்கு அப்பால் என்ன நடந்தது என்பது அங்கே இல்லை. கையிலிருந்த விளையாட்டும் புலியைத் தாண்டி அவனுக்கு எதையும் சொல்லவில்லை. நூலில் இருக்கிறது. அதை நாம் படித்ததும் பிற்காலத்தில்தான். சொல்லலாமா வேண்டாமா என்று சற்றுத் தயங்கினோம். எட்டு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் அந்த மனநிலையில், அது ஏற்ற கதையா என்பது நமக்கு விளங்கவில்லை. ஆனால், அவன் கேட்ட கேள்விக்குப் பொய்யான விடை சொல்ல மனம் வரவில்லை. சொன்னோம்.

மோக்லி ஊருக்குப் போனான். மெசுவா என்ற தாய், புலி தூக்கிப்போன தன் பிள்ளைதான் இவன் என்று எண்ணி அணைத்துக்கொண்டாள். உடையும் பேச்சும் பழக அவன் பாடுபட்டான். ஊர்ச் சிறுவர்கள் அவனுக்கு அவர்கள் ஆட்டம் தெரியவில்லை என்றும், சில சொற்களைத் தவறாக உச்சரிக்கிறான் என்றும் கேலி செய்தார்கள். (இந்த இடத்தில் நமது மகன் கருவியை அணைத்துவிட்டான்.) எருமை மேய்க்கும் வேலை கிடைத்தது. அந்த எருமைகளையே இரு திசையிலிருந்தும் விரட்டி ஷேர்கானை மிதித்துக் கொல்லச் செய்தான். அப்படிப்பட்ட வீரச் செயல் செய்தவனை ஊரார் கொண்டாடினார்களா? சூனியக்காரன் என்று கல்லால் அடித்துத் துரத்தினார்கள். அதற்கு முன்பே ஓநாய்க் கூட்டமும் அவனை விலக்கியிருந்தது. ஓநாய்க்கு அவன் மனிதன். மனிதனுக்கு அவன் ஓநாய்.

அவன் வெகுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டிவிட்டது, வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நம் மனைவி, “பிள்ளைக்கு இதையா சொல்வது?” என்று நம்மைக் கடிந்துகொண்டார். அது நியாயமே என்று நமக்கும் தோன்றியது.

“அப்புறம் எங்கே போனான்?” என்று கேட்டான்.

நல்ல வேளையாக, அதற்கும் நம்மிடம் விடை இருந்தது. ‘ஜங்கிள் புக்’ நூலுக்கு முந்திய ஆண்டிலேயே, 1893இல், கிப்ளிங் ஒரு சிறுகதை வெளியிட்டிருக்கிறார். அதில் மோக்லி வளர்ந்த வாலிபன். காட்டின் ஒவ்வொரு புதரும் அறிந்த அவன் திறமையைக் கண்டு, வனத்துறைப் பேரதிகாரி அவனைக் காவலனாக வேலைக்கு அமர்த்துகிறார். மாதச் சம்பளம் உண்டு. இறுதியில் ஓய்வூதியமும் உண்டு. மணம் செய்துகொள்கிறான், குழந்தை பிறக்கிறது. அவனோடு வளர்ந்த ஓநாய்களும் அவனை விட்டுப் போகவில்லை. இந்த வேலை வாய்ப்பைச் சித்திரப் படம் எடுத்தவர்களும் விளையாட்டுச் செய்தவர்களும் கண்டுகொள்ளாமல் விட்டதற்கு நாம் என்ன சொல்வது! இருப்புப்பாதை எழுத்தர் எவரும் அதைத்தான் முதலில் காட்டியிருப்பார்.

மகன் முகம் தெளிந்தது. “அரசாங்க வேலையா, உங்களைப்போல?” என்றான்.

“ஆமாம்.”

சற்று யோசித்துவிட்டு, “அவனுக்கும் மாற்றல் உண்டா?” என்று கேட்டான். எதிர் இருக்கையில் படுத்திருந்த பயணி போர்வைக்குள் சிரித்தது கேட்டது.

பெரியவருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். கருவியைப் பிடுங்கி வைத்திருந்தால் அந்தக் கேள்வி பிறந்திராது. கருவியை மட்டும் கொடுத்து நாம் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தால் விடை கிடைத்திராது. தமிழெழுத்தைப் பற்றி அவர் கூறியது மட்டும் முழு உண்மை. லகர ளகரம் அவனுக்கு இன்னும் குழப்பமே. அதற்கு ஞாயிறுதோறும் நம் சங்க வகுப்புக்குத் தவறாமல் அனுப்புகிறோம். ஆசிரியை அம்மையார் சாட்சி.

ஊர் வந்து சேர்ந்தபின் அவன் பிடிவாதம் வேறு திசையில் திரும்பிவிட்டது. உண்மையான காட்டைப் பார்க்க வேண்டுமாம். நம் இளமையில் சிந்துவாடா, சிவனி, நைன்பூர்ப் பக்கமெல்லாம் இரண்டரை அடி அகலக் குறுகிய பாதையில் சிறு வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருமுறைகூட அதில் ஏறிச் சிவனிக்குப் போகவில்லை. கையிலிருந்த காடு போதுமென்று இருந்துவிட்டோம். 2015இல் அந்தக் குறுகிய பாதைகள் மூடப்பட்டு, அகலப் பாதையாக மாற்றப்பட்டன. இலாகாவில் இருந்துகொண்டே அந்த வாய்ப்பை இழந்தது நமக்கு இன்றும் வருத்தமே.

இப்போதும் வழி இல்லாமற் போகவில்லை. பெஞ்ச் புலிகள் காப்பகம் மகாராட்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. நம் பக்கத்து வாயில்கள் நாகபுரியிலிருந்து காலையில் சென்று மாலையில் திரும்பும் தொலைவிலேயே உள்ளன. சிவனி செல்லும் நெடுஞ்சாலை காட்டைக் கடக்கும் இடங்களில் சாலையை உயர்த்தி, விலங்குகள் அடியில் கடந்துசெல்ல வழி அமைத்திருக்கிறார்கள். மேலே சரக்குந்துகள் ஓட, கீழே புலிகள் நடந்து செல்வது படக்கருவிகளில் பதிவாகியிருக்கிறது. ஓநாயும் கரடியும் செந்நாயும் அங்கே உண்டு. உராங்குட்டான் இராது என்று மகனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம்.

மழைக்காலத்தில் உட்காடு மூடப்பட்டிருக்கும், அக்டோபரில் திறப்பார்கள். பூசை விடுமுறைக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறு பேருந்து அமர்த்திச் செல்லலாம் என்று செயற்குழுவில் பேச்சு. வர விரும்பும் குடும்பத்தார், பிள்ளைகளின் வயதையும் குறிப்பிட்டுச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். கடிதம் எழுதிய பெரியவருக்குச் சன்னலோர இருக்கை ஒன்று ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம். பக்கத்து இருக்கையில் நமது மகன் உட்காருவான். பென்சில் பாட்டரிகளை அன்று வீட்டிலேயே விட்டுவர அவன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.